நடுவில் உத்தரம் ஓடும் கிடார்: எபிஃபோன் இ.எஸ்-335

கிடார் பெட்டி வீட்டுக்கு வரவில்லை, கடைக்குத்தான் வந்தது. பகலில் வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள் என்று கடை முகவரியைக் கொடுத்திருந்தேன். ஏப்ரல் மாதம், மதியம் இரண்டு மணி. சேலத்து வெயிலில் கடை ஷட்டரைக் கையால் தொட முடியவில்லை. லாரியில் வெந்துகொண்டு வந்த மரத்தை உடனே வெளியே எடுக்கக் கூடாது என்று பெட்டியை அப்படியே குடோன் நிழலில் வைத்தேன். ஆறு மணிக்கு மேல், ப்ளைவுட் ஷீட் வெட்டும் மேசையில் பழைய போர்வை ஒன்றை விரித்து, அதில் கிடாரைக் கிடத்தினேன். அப்போதுதான் மைக்கா எடுக்க வந்தார் பெரிய ஆசாரி.

எங்கள் கடைக்கு அவர் முப்பது வருஷ வாடிக்கை. செவ்வாய்ப்பேட்டையில் எத்தனையோ வீட்டு நிலைக்கதவு அவர் கையால் ஆனது. மைக்காவை மறந்துவிட்டு மேசைப் பக்கம் வந்தார். கிடாரின் முகத்தில் இருபுறமும் வயலின்போல வளைந்த எஃப் எழுத்து வடிவ ஓட்டை இருக்கிறது அல்லவா, அதன் விளிம்பைக் குனிந்து பார்த்து நகத்தால் தடவினார்.

“ஏந் தம்பி, இது ப்ளைவுட்டுத்தானே?”

“ஆமாங்கய்யா, ப்ளைதான்.”

“ப்ளைவுட்டுக்கா இத்தனை காசு குடுத்தே?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே விரல் முட்டியை மடக்கித் தட்ட ஆரம்பித்துவிட்டார். கடைக்கு ஷீட் வாங்க வரும் ஆசாரிகள் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. உள்ளே கோர், அதாவது நடு அடுக்கு, சரியாகச் சேராமல் இடைவெளி விட்டிருந்தால், தட்டும்போது அந்த இடம் மட்டும் காலியாகச் சத்தம் போடும். கிடாரின் இடது பக்கம் தட்டினார்: தொம். தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருளுக்குப் பிக்கப் என்று பெயர், அவை இரண்டுக்கும் நடுவில் தட்டினார்: டக். வலது பக்கம் போனார்: தொம். மறுபடி நடு: டக். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நடுவுல உத்தரம் விட்டிருக்கானுங்க.”

இந்தக் கிடாரைப் பற்றி நான் எத்தனை பக்கம் எழுதினாலும் அவர் சொன்ன அந்த ஒற்றை வரியின் விளக்கமாகத்தான் இருக்கும். எட்டு மாதம் வாசித்த பிறகு எழுதுகிறேன். ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிறேன், மாதம் ஒன்றிரண்டு கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசைக் குழுவோடு வாசிக்கிறேன், மற்ற நாட்களில் ப்ளைவுட் விற்கிறேன். ப்ளைவுட் என்றாலே மட்டமானது, நல்ல வாத்தியம் என்றால் முழு மரம் என்ற நினைப்பு கிடார் வாங்குகிறவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த வகைக் கிடாரில் அந்த நினைப்பு தவறு என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் இது என்ன வகை என்று பார்த்துவிடலாம். கிடாரில் மின்சாரம் சேர்ந்த புதிதில், பெரும்பாலும் உள்ளே முழுக்கக் காலியான பெட்டிக் கிடாரில் பிக்கப் வைத்தார்கள். கிப்சன் கம்பெனியின் இ.எஸ்-150 வந்தது 1936-ல். சத்தத்தை ஏற்ற ஏற்ற அந்தப் பெட்டி ஊளையிடும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கிடாரின் முகப்பலகையை ஆட்டும், பலகை தந்தியை ஆட்டும், தந்தி பிக்கப்புக்குச் சொல்லும், பிக்கப் மறுபடி ஸ்பீக்கருக்குச் சொல்லும். மைக்செட் வைத்த எந்த ஊர்த் திருவிழாவிலும் இந்த வட்டத்தை நாம் கேட்டிருக்கிறோம். லெஸ் பால் என்ற கலைஞர் 1940-ஐ ஒட்டி ஒரு வேலை செய்தார். நாலுக்கு நாலு அங்குலக் கட்டை ஒன்றை எடுத்து, அதில் தந்தியும் பிக்கப்பும் பூட்டி, பார்க்கக் கிடார்போல இருக்கட்டும் என்று ஒரு எபிஃபோன் கிடாரின் இரண்டு பக்கங்களையும் அறுத்து இறக்கைபோல ஒட்டிக்கொண்டார். ‘லாக்’, அதாவது கட்டை, என்றே அதற்குப் பெயர். அப்புறம் முழுக்கட்டைக் கிடார்கள் வந்து ஊளையை ஒழித்தன. ஆனால் பெட்டியின் காற்றோட்டமான ஒலியும் அதோடு போய்விட்டது.

1958-ல் டெட் மெக்கார்ட்டி தலைவராக இருந்தபோது கிப்சன் இரண்டையும் ஒரே உடம்பில் சேர்த்தது. அதுதான் இ.எஸ்-335. 16 அங்குல அகலம், ஒன்றே முக்கால் அங்குலம் அளவுக்கு மெல்லிய உடம்பு, இருபுறமும் காலி, நடுவில் கழுத்தடியிலிருந்து வால்வரை ஓடும் மேப்பிள் கட்டை. நான் வாங்கியிருப்பது அதே வடிவத்தை, கிப்சனுக்கே சொந்தமான எபிஃபோன் பெயரில் 2020 முதல் விற்கும் கிடார். கிப்சனின் விலை எனக்கு எட்டாது. இதற்கே என் இரண்டு மாதச் சம்பளம் போனது.

இனி மேல்பலகைக்கு வருகிறேன். நான் தினமும் புழங்குகிற விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

மரம் ரேகை ஓடும் திசையில் நீள்வதும் சுருங்குவதும் மிகக் குறைவு. குறுக்கே நிறைய மாறும். அதனால்தான் மழைக்காலத்தில் கதவு நிலையில் இறுகுகிறது, கோடையில் பலகை வெடிக்கிறது. ப்ளைவுட்டில் ஒரு தாள் நெடுக்கில், அடுத்த தாள் குறுக்கில் என்று மாற்றி மாற்றி ஒட்டுகிறோம். ஒன்றை மற்றது பிடித்துக்கொள்வதால் ஷீட் அளவு மாறாது, பிளக்காது. முழுப் பலகையைவிட இரண்டு திசை விறைப்பும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும். பழைய 335-இல் மேப்பிள், பாப்ளர், மேப்பிள் என்று அடுக்கு. எங்கள் ஊர்த் தட்டுவடை செட் மாதிரி, மேலும் கீழும் கெட்டி, நடுவில் மெத்து. பாப்ளர் என்றதும் எனக்கு ஹரியானாவின் யமுனாநகரிலிருந்து வரும் பாப்ளர் கோர் ஷீட்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கக் கிடார்க்காரர்கள் பாப்ளர் என்று சொல்வது பெரும்பாலும் டியூலிப் மரத்தை, அது வேறு சாதி. எப்படியானாலும் வேலை ஒன்றுதான்: அதிகம் கனக்காமல் நடுவை நிரப்புவது.

இந்த அடுக்கை அச்சில் வைத்து அழுத்தினால் வளைந்த முகம் வந்துவிடும். அதே வளைவை முழு மரத்தில் எடுக்க வேண்டுமானால் தடித்த பலகையை உளியால் செதுக்க வேண்டும். கிப்சனின் எல்-5, 1922-ல் வந்தது, அப்படிச் செதுக்கிய ஸ்ப்ரூஸ் முகம் கொண்டது. தந்தி லேசாக அசைந்தாலும் அந்த முகம் கூடவே பாடும். மின்சாரம் இல்லாமல் ஒரு கூடம் நிறையக் கேட்க வேண்டிய வாத்தியத்துக்கு அது வரம். ஆம்ப், அதாவது ஒலிபெருக்கி, முன்னால் நிற்கும் வாத்தியத்துக்கு அதே குணம் தொல்லையாகிறது. 1949-ல் இ.எஸ்-175 செய்தபோதே கிப்சன் மேப்பிள் ப்ளைக்கு வந்துவிட்டது. செலவும் குறைந்தது, ஊளையும் குறைந்தது. ஆகவே 335-இல் ப்ளைவுட் இருப்பது கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுலபத்தில் அதிராத, பிளக்காத, வளைத்துக்கொள்ளக்கூடிய முகம் வேண்டும் என்பதற்காகத்தான் அது இருக்கிறது.

நம் வீணையிலும் இந்தப் பேச்சு உண்டு. ஒரே பலாக்கட்டையில் குடைந்த ஏகாந்த வீணைக்குத் தனி மரியாதை, குடம், தண்டி, யாளித் தலை என்று தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை. கிடாரிலும் குடைந்து செய்யும் பரம்பரை இருக்கிறது. ரிக்கன்பேக்கர் 330 முழு மேப்பிளைப் பின்பக்கமிருந்து குடைந்து, பிறகு மூடி ஒட்டியது. ஃபெண்டரின் டெலிகாஸ்டர் தின்லைன், 1968-ல் வந்ததும் குடைந்த சாதிதான். அவற்றில் முகமும் நடுக்கட்டையும் ஒரே மரம் என்பதால் ஒட்டைப் பற்றிய கவலை அங்கே குறைவு. 335 கட்டிய சாதி. கட்டியதில் எல்லாமே ஒட்டில் இருக்கிறது.

ஒட்டு என்றேனே, அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். இதற்கு முன் என்னிடம் இதே வடிவத்தில் ஒரு மலிவுக் கிடார் இருந்தது. பெயர் வேண்டாம். யாரிடமோ கைமாறி வந்தது. பார்க்க அழகு. வாசிக்கும்போது சில ஸ்வரங்களில் மட்டும் உள்ளே ‘சிர்ர்ர்’ என்று ஒரு வண்டு பறக்கும். தந்தி மாற்றினேன், உடம்பின்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகளை இறுக்கினேன், விரல்பலகைக் குறுக்குக் கம்பிகளான ஃப்ரெட்டுகளைத் தேய்க்கவும் காசு கொடுத்தேன். வண்டு போகவில்லை. ஆராதனையில் சத்தம் கொஞ்சம் ஏறினால் போதும், முதல் ஆளாக அது ஊளையிடும். பாதிரியார் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு நாள் கடையில் ஆள் இல்லாத நேரம் அதைத் தட்டிப் பார்த்தேன். பக்கங்களில் தொம், நடுவிலும் தொம். பிரிட்ஜுக்குக் கீழே, கிடாரிலேயே கெட்டியாக இருக்க வேண்டிய இடத்தில், காலிச் சத்தம். கைப்பேசியில் டார்ச் போட்டு எஃப் ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்தது. முகப்பலகை வளைவாக இருக்கிறது, நடுக்கட்டை தட்டையாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வளைவுக்கு ஏற்றபடி செதுக்கிய ஒரு துண்டு வர வேண்டும். கிப்சனில் குறுக்கு வெட்டுகள் போட்ட ஸ்ப்ரூஸ் துண்டு வைப்பார்கள், வெட்டுகள் இருப்பதால் அது முகத்தோடு வளைந்து ஒட்டிக்கொள்ளும். என் மலிவுக் கிடாரிலும் துண்டு இருந்தது. ஆனால் பசை விட்டுப்போய், முகத்துக்கும் துண்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற சந்து. உத்தரம் இருக்கிறது, ஓடு அதன்மேல் உட்காரவில்லை.

மருந்துக்கடையில் பெரிய ஊசிக்குழல் ஒன்று வாங்கி, ஊசி முனையில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மரப்பசையைத் தண்ணீர்பதமாகக் கலக்கி, எஃப் ஓட்டை வழியே அந்தச் சந்தில் ஏற்றினேன். மேலே ரப்பர் தாள், அதன்மேல் பலகை, நான்கு கிளாம்ப். இரண்டு இரவு அப்படியே விட்டேன். பழைய தந்திகளையே மறுபடி ஏற்றினேன். வேறு எதையும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே மரம், அதே பிக்கப், அதே தந்தி.

வண்டு போய்விட்டது. மூன்றாம் தந்தியை 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தித் தட்டினால் முன்பு நான்கு எண்ணுவதற்குள் சோர்ந்துவிடும். இப்போது நிதானமாக ஒன்பது எண்ணினேன். ஆம்பில் இன்னும் கொஞ்சம் சத்தம் ஏற்ற இடம் கிடைத்தது. தந்திக்கு விரல் கொடுக்கும் சக்தி குடத்துத் தண்ணீர் மாதிரி. பிரிட்ஜ் நிற்கும் இடம் அசைந்தால் அந்த வழியாக அது ஒழுகிவிடும். அடியில் கனத்த கட்டை பிடித்துக்கொண்டால் தண்ணீர் குடத்தில் நிற்கும், ஸ்வரம் நீளும். முழுக்க ஒழுகல் இல்லாவிட்டாலும் சரியில்லை, அப்போது அது முழுக்கட்டைக் கிடாராகிவிடும். இருபுறக் காலிப் பலகைகள் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அதிர்வதில்தான் 335-இன் குரல் இருக்கிறது.

சரி, எபிஃபோனுக்கு வருவோம். இதிலும் வந்த அன்றே டார்ச் விட்டுப் பார்த்தேன். கட்டையின் ஓரம் நேராக இருக்கிறது, பசை ஒழுகிக் காய்ந்த கோடு முகத்தோடு விடாமல் ஓடுகிறது. எஃப் ஓட்டை விளிம்பில் ப்ளை அடுக்குகள் இடைவெளி இல்லாமல் அமர்ந்திருக்கின்றன. ஒரு ஷீட் இப்படி வந்தால் நான் எந்த வாடிக்கையாளரிடமும் தலை நிமிர்ந்து விற்பேன். வீட்டுத் தராசில் மூன்றரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டியது. மூன்று மணி நேரக் கச்சேரிக்குத் தோள் வார் அகலமாக இருப்பது நல்லது.

பிரிட்ஜும், தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் வால்துண்டும் முகத்தைத் துளைத்துக் கட்டைக்குள் இறங்கிய தூண்களில் நிற்கின்றன. உள்ளே முழுக்கக் காலியான கிடார்கள் பலவற்றில் பிரிட்ஜ் முகப்பலகைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும், தந்தியின் அழுத்தம்தான் பிடித்து வைத்திருக்கும். வால்துண்டு கிடாரின் அடியிலிருந்து தொங்கும். கட்டையில் இறங்கிய தூண் என்றால் ஸ்வரத்தின் தொடக்கம் கொஞ்சம் கூராக, முடிவு நீளமாக இருக்கும். 335-இலேயே 1964 கடைசியில் கிப்சன் தொங்கும் வாலுக்கு மாறியது. அதற்கு முந்தியவற்றைத் தேடுகிறவர்கள் இன்றும் அதிகம்.

இந்த வேறுபாட்டை நன்றாகக் கேட்க எனக்கு ஏற்காடு உதவியது. மனைவியின் தம்பி அங்கே ஒரு காப்பித் தோட்டத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். அவனிடம் எபிஃபோன் கசினோ இருக்கிறது. கசினோ 1961-ல் வந்த வடிவம், பீட்டில்ஸ் குழுவில் பால் மெக்கார்ட்னியும் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் வாசித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் 335-க்கும் கசினோவுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. உள்ளே கட்டை கிடையாது, முழுக்கக் காலி.

ஜூலையில் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். அவன் வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து, முதலில் ஆம்ப் இல்லாமல் வாசித்தோம். வெளியே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, மேலே மூடுபனி. வேறு சத்தமே இல்லை. கசினோ சாதாரணக் கிடார் அளவுக்கு இல்லாவிட்டாலும் அறைக்குப் போதுமான குரலில் பாடியது. என்னுடையது வாய்க்குள்ளேயே பேசியது. ஆம்பில் செருகினதும் நிலைமை மாறியது. கசினோவில் ஸ்வரம் ‘டொக்’ என்று பிறந்து, சட்டென்று மலர்ந்து, சீக்கிரம் வாடுகிறது. தாளத்துக்கு அடிக்கும் கார்டுகளுக்கு, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து அடிப்பதற்கு, அது எவ்வளவு பொருத்தம்! ஒரு கார்டின் வால் அடுத்த கார்டில் மோதாது. என்னுடையதில் ஸ்வரம் பிறந்ததும் நிற்கிறது, இழுத்தால் வருகிறது, விரலை அசைத்தால் கமகம் மாதிரி வளைந்து கடைசிவரை கேட்கிறது. பாட்டுக்கு நடுவில் வரும் தனி வாசிப்புக்கு இது.

“மாமா, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாக்கூட எது உங்களுதுன்னு தெரியுது” என்றான் மச்சான். நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அவனை வாசிக்கச் சொன்னேன். எனக்கும் தெரிந்தது, ஒன்றில்கூடத் தவறவில்லை.

ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த வித்தியாசம் முழுவதும் கட்டையால் வந்தது இல்லை. கசினோவில் பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப். என்னுடையதில் இரட்டைச் சுருள், ஹம்பக்கர். கிப்சனில் சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம் அது. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தால் வெளியிலிருந்து வரும் மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். மச்சான் வீட்டில் கரண்ட் போய் இன்வர்ட்டர் ஓடியபோது கசினோ ‘ம்ம்ம்’ என்று தேனீக் கூடுபோல இரைந்தது. என்னுடையது அமைதியாக இருந்தது. சேலத்தில் கல்யாண மண்டபங்களில் சீரியல் செட் விளக்கும் டிம்மரும் சுற்றி எரிகிற இடத்தில் வாசிக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பி-90-க்கு இருக்கும் கடிப்பு, வாசிப்பவனின் விரலை அப்படியே காட்டிக்கொடுக்கும் குணம், இதில் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. அதுவும் உண்மை.

பிக்கப் கேட்பது காந்தப்புலத்தில் இரும்புத் தந்தி அசைவதை. மரத்தின் ஒலியை அது நேராகக் கேட்பதில்லை. மரம் செய்வது என்னவென்றால், தந்தி எப்படி அசையலாம், எவ்வளவு நேரம் அசையலாம் என்பதை முடிவு செய்வது. ஆகவே ஒலியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று என்னைக் கேட்டால் பிக்கப்புக்கு முதலிடம் கொடுப்பேன். அடுத்தது கட்டையும் அதன் ஒட்டும், பிரிட்ஜ் எதில் நிற்கிறது என்பதும். அதற்குப் பின்னால்தான் உடம்பின் கனமும் முகத்தின் தடிமனும். அந்தப் பலகை மேப்பிளா லிண்டனா என்ற பெயர்ச் சண்டை எல்லாம் அப்புறம். மேல்பூச்சு நைட்ரோவா பாலியா என்பதில் என் காதுக்கு எதுவும் கேட்கவில்லை.

மரப் பெயர்களில் ஒன்று மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இதன் விரல்பலகை இந்தியன் லாரல் என்று போட்டிருந்தது. என்னவோ வெளிநாட்டு மரம் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் நம் கருமருது! முதலைத் தோல் மாதிரி வெடித்த பட்டையோடு தென்னிந்தியக் காடுகளில் நிற்குமே, அதே மரம். கழுத்து மஹாகனி, அதன்மேல் கருமருது. முன்பெல்லாம் இந்த இடத்தில் ரோஸ்வுட், அதாவது ஈட்டி இருக்கும். ஈட்டிக்குத் தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உலக அளவில் 2017 ஜனவரியில் அந்த மரப் பேரினம் முழுவதற்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது, செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 இறுதியில் விலக்கு கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பல கம்பெனிகள் கருமருதுக்கு மாறின. வந்தபோது வெளிறிய பழுப்பாக இருந்தது. வாத்தியங்களுக்கென்று விற்கும் எண்ணெயை இரண்டு தடவை மெல்லத் தடவித் துடைத்ததும் ரேகை எழும்பி, காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தது. கைக்கு ஈட்டியைவிடக் கொஞ்சம் சொரசொரப்பு. ஒலியில் வித்தியாசம் தெரிகிறதா என்றால், எனக்குத் தெரியவில்லை.

குரலைப் பற்றிச் சொல்லாமல் மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கழுத்துப் பக்கப் பிக்கப்பில், டோன் திருகைப் பாதிக்குக் குறைத்தால், வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவது மாதிரி உருண்டையான ஒலி. பழைய மெல்லிசைப் பாட்டுகளின் இடைவாசிப்புக்கு இதைவிட வேறு வேண்டாம். பிரிட்ஜ் பக்கம் சீவாளியின் கூர்மை, ஆனால் காதைக் கிழிக்காது. நான் அதிகம் நிற்பது இரண்டும் சேர்ந்த நடு நிலையில். ஓட்டுவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது குரலைச் சுற்றி ஒரு காற்று இருக்குமே, அது இங்கே கிடைக்கிறது. முழுக்கட்டைக் கிடாரில் அந்தக் காற்று எனக்குக் கிடைத்ததே இல்லை. ஆர்கனும் தபேலாவும் பத்துக் குரலும் சேர்ந்த ஆராதனையில் இதன் நடுக்குரல் யாரையும் அமுக்காமல் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்கிறது.

ஊளை இதிலும் வரும். கட்டை அதைத் தள்ளிப்போடுகிறது, அடியோடு ஒழிப்பதில்லை. ஒரு ரிசப்ஷனில் மானிட்டர் ஸ்பீக்கரை என் முட்டிக்கு நேரே வைத்துவிட்டார்கள். இரண்டாவது பாட்டிலேயே கிடார் முனக ஆரம்பித்தது. ஸ்பீக்கருக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றேன், பாதி அடங்கியது. தோளில் இருந்த கைத்தறித் துண்டை மடித்து மேல்பக்க எஃப் ஓட்டையில் திணித்தேன், மீதியும் அடங்கியது. ப்ளூஸ் கிடார்க் கலைஞர் பி.பி. கிங் செய்த வேலைதான் இது. அவர் துணி திணித்து வாசித்துக்கொண்டிருந்தார், பிறகு 1980-ல் அவர் பெயரில் கிப்சன் எஃப் ஓட்டையே இல்லாத ‘லூசில்’ கிடாரைக் கொண்டுவந்தது. சின்ன இடத்தில், சத்தம் அளவாக இருக்கும்போது, ஆம்பை நோக்கி மெல்லத் திரும்பினால் வேறொன்று நடக்கும். பிடித்த ஸ்வரம் சாகாமல் அப்படியே மிதந்து, மேல் ஸ்தாயிக்கு மலர்கிறது. அதைக் கைக்குள் வைத்துக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது.

நம் ஊர்க்காரர்கள் வாங்கும் முன் வானிலையை நினைக்க வேண்டும். சேலத்துக் கோடைக்கும் ஏற்காட்டு மழைக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் மரத்துக்கு அது வேறு நாடு. ப்ளை முகம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது, நான் எதிர்பார்த்தபடியே. கழுத்து முழு மரம், அது அசைந்தது. ஏற்காட்டில் ஐந்து நாள் வைத்திருந்ததில் தந்தி கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன், சரியானது. மலையிலிருந்து இறங்கிய வாரமே மறுபடி பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டியிருந்தது. இது இந்தக் கிடாரின் குறை கிடையாது, மரக் கழுத்துள்ள எல்லாவற்றுக்கும் உள்ளதுதான். உறைக்குள் சிலிக்கா பை இரண்டு போட்டு வைக்கிறேன்.

இன்னொரு விஷயம். உள்ளே இருக்கும் வால்யூம், டோன் திருகுகளில் ஏதாவது கரகரத்தால் பின்பக்கம் திறக்க மூடி கிடையாது, 335 வடிவத்துக்கே அது பொது. எல்லாவற்றையும் எஃப் ஓட்டை வழியாக வெளியே எடுத்து, அதே வழியாகத் திரும்ப அனுப்ப வேண்டும். பழைய கிடாரில் ஒரு தடவை செய்திருக்கிறேன். ஒவ்வொரு திருகின் தண்டிலும் பூ கட்டும் நூலை முடிச்சுப் போட்டு, நூலின் மறுமுனையை அதற்கான துளையில் வெளியே விட்டுவிட்டு, அப்புறம் உள்ளே இறக்கினேன். வேலை முடிந்ததும் நூலை இழுத்தால் திருகு தானாக அதன் துளைக்கு வந்து நிற்கும். நூல் கட்டாமல் இறக்கினால் அரை நாள் போய்விடும். கிடார் தெரியாத எலக்ட்ரானிக்ஸ் கடையில் கொடுத்தால் ப்ளை விளிம்பைச் சிம்பாக்கிவிடுவார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

யாருக்கு வேண்டாம்? காதை அடைக்கும் சத்தத்தில், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை அழுத்தமாக வைத்து மெட்டல் இசை வாசிப்பவர்களுக்கு முழுக்கட்டையே நல்லது. வீட்டில் ஆம்ப் இல்லாமல் பாட்டுக்கு வாசிக்க நினைப்பவர்கள் சாதாரண அகூஸ்டிக் வாங்கலாம், இதன் தனிக்குரல் அடுத்த அறைக்குக் கேட்காது. மற்றவர்கள், முக்கியமாக ஒரே கிடாரை வைத்துக்கொண்டு சபையிலும் மண்டபத்திலும் எல்லா வகைப் பாட்டும் வாசிக்க வேண்டியவர்கள், தயங்காமல் பார்க்கலாம். எந்தக் கம்பெனியானாலும் கடையில் கேட்டுக்கொண்டு முதலில் தட்டுங்கள். பிரிட்ஜைச் சுற்றி ‘டக்’ வர வேண்டும். அப்புறம் டார்ச் விட்டு ஒட்டைப் பாருங்கள். விலைச்சீட்டில் போட்டிருக்கும் மரப் பெயரைக் கடைசியில் படித்தால் போதும்.

பெரிய ஆசாரி போன மாதம் மறுபடி வந்திருந்தார். கிடார் அன்று கடையில்தான் இருந்தது. ஆம்ப் இல்லாமலே ஒரு பாட்டு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, கிடாரைக் கையில் வாங்கி, வால்பக்கத்தைத் தன் தாடை எலும்பில் வைத்துக்கொண்டு, “இப்ப தட்டு” என்றார். ஆறாம் தந்தியைத் தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு அது அடங்கும்வரை அப்படியே நின்றார். “இன்னொருக்கா” என்றார்.